பழைய கதவு வீட்டுக்குள் வரும்முன்: குமரி மாவட்டத்தில் பழம்பொருள் அலங்காரம், ஒரு விளக்கம்

குமரி மாவட்டத்தில் பழைய ஓட்டு வீடுகள் வேகமாகக் குறைந்து வருகின்றன. நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்த இடங்களில் சில வீடுகள் போயின. பிள்ளைகள் வெளிநாட்டில் சம்பாதித்து மாடி கட்டும்போது சில போகின்றன. இடித்த வீட்டின் நிலை, கதவு, கூரை தாங்கும் கழுக்கோல், உத்திரம், ஓடு எல்லாம் லாரி ஏறுகின்றன. அதே சமயம், அந்தச் சாமான்களை வைத்து வீட்டை அழகு செய்யும் ஆசையும் பரவியிருக்கிறது. ஜன்னல் சட்டம் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாகிறது, நெல் போட்டு வைக்கும் பத்தாயத்தின் மூடி டீப்பாய் ஆகிறது, பழைய வலை சுவரில் தொங்குகிறது.

இரண்டு நிமிட வீடியோவில் எல்லாமே சுலபமாகத் தெரிகிறது. உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்து, ஆணியில் மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் செய்து பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. படகுப் பலகையில் செய்த அலமாரி மழைக்காலத்தில் ஏன் பிசுபிசுக்கிறது? வாங்கி ஆறு மாதமான ஸ்டூலுக்கு அடியில் ஏன் மாவு கொட்டுகிறது? கதவைத் தேய்த்த தூசு குழந்தைக்கு ஆகாது என்கிறார்களே, உண்மையா? கடற்கரையில் பொறுக்கிய பவளத்தை வீட்டில் வைத்தால் குற்றமா?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. இந்தப் பொருள் இதற்கு முன்பு எங்கே இருந்தது, என்ன வேலை பார்த்தது? அது தெரிந்தால் எதைக் கழுவ வேண்டும், எதைத் தேய்க்கக் கூடாது, எதை வீட்டுக்குள் விடவே கூடாது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் சொல்லைப் புரிந்துகொள்வோம்

பழையதை மறுபடி உபயோகிப்பதில் மூன்று வகை உண்டு.

1. மறுபயன்பாடு: பொருள் மாறாது, வேலையும் மாறாது. இடித்த வீட்டுக் கதவைப் புது வீட்டுக்குக் கதவாகவே வைப்பது. நம் ஊர் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவது இதுதான்.

2. மறுசுழற்சி: பொருளை உடைத்து, உருக்கி, அரைத்து மூலப்பொருளாக்குவது. பழைய இரும்பு உருக்காலைக்குப் போவது இந்த வகை. பல சமயம் இதில் தரம் இறங்கிவிடும். நல்ல செங்கல்லை நொறுக்கிப் பள்ளத்தில் கொட்டினால் அது வெறும் நிரப்பு மண்தான்.

3. அப்சைக்கிளிங்: பொருளை உடைக்காமல், முன்பிருந்ததைவிட மதிப்பு கூடும்படி வேறு வேலைக்கு மாற்றுவது. இதை ஏற்றுப்பயன் என்று சொல்லலாம்.

மூன்றாவது சொல்லைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ரெய்னர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1994-ல், பழைய கட்டடச் சாமான்களுக்கான ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் இதைப் பயன்படுத்தினார். நல்ல செங்கல்லையும் மரத்தையும் நொறுக்கித் தரம் தாழ்த்துவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆக, கைவினை வகுப்பில் பிறந்த சொல்லாகத் தெரிந்தாலும் அது வெளிப்பட்டது கட்டடம் இடிக்கும் தொழிலைப் பற்றிய பேச்சில். தோவாளையிலும் தக்கலையிலும் வீடு இடிக்கும் இடங்களுக்கு அது நேராகப் பொருந்துகிறது.

ஈரமும் உப்பும்

குமரிக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் தென்மேற்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. இங்கே ஒரு மரச் சாமான் நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் முதல் இடம்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், காய்ந்தால் திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால், அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்த மரத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கும். ஏசி ஓடும் அறையில் காற்றின் ஈரம் 50 சதவீதம் என்றால் மரத்தில் 9 சதவீதம் அளவுதான் நிற்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு அடி அகலப் பலகை அகலவாக்கில் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது.

பழைய ஜன்னல் சட்டத்துக்குள் கண்ணாடியை இறுக்கமாகப் பசை போட்டு ஒட்டினால் மாசி மாதம் விரிசல் விடுவதற்குக் காரணம் இதுதான். ஆசாரி கதவுப் பலகையைச் சட்டத்துக் காடியில் செருகி, ஆணி அடிக்காமல் சும்மா உட்கார வைத்திருப்பார். பலகை அசைய இடம் கொடுப்பதற்காகவே அந்த வேலைப்பாடு. மாற்றிச் செய்யும்போது நாமும் அந்த இடைவெளியை விட வேண்டும்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். எவ்வளவு மரம்! அதுவும் இவ்வளவு மழைக்கு நடுவே. சரிந்து இறங்கும் கூரையும் சுவரைத் தாண்டி நீளும் இறவாணமும் மழையை மரத்தின்மேல் விழ விடுவதில்லை. நனைந்தாலும் காற்று புகுந்து காய வைத்துவிடுகிறது. காற்றோட்டம் இல்லாத கான்கிரீட் அறையில், ஈரச் சுவரோடு ஒட்டி அதே மரத்தை நிறுத்தினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் சுவரில் மாட்டும் எந்த மரத்துக்கும் பின்னால் ஒரு விரல் இடைவெளி விடுவது நல்லது.

படகு மரத்துக்குக் கதை வேறு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் பழைய வள்ளத்தின் பலகை கிடைத்தால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அயனி மரம் வெயிலில் வெளுத்து, ஆணி இருந்த இடமெல்லாம் கருத்து, கயிறு உரசிய வடு தெரியும். ஆனால் அதற்குள் பல வருடக் கடல் உப்பு இறங்கியிருக்கிறது. சோற்றுப்பு, காற்றின் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதும் இதனால்தான். கடலோரத்தில் 75 என்பது சாதாரணமான ஈரம். ஆக, படகுப் பலகை அலமாரி பிசுபிசுப்பது வார்னிஷின் குற்றம் இல்லை. தை, மாசியில் காற்று உலரும்போது அதே உப்பு பரல் கட்டும். கட்டும்போது வார்னிஷைக் கீழிருந்து தள்ளி உரித்துவிடும். மேலே வெள்ளை படிவது அதன் அடையாளம்.

இதற்கு அவசரமில்லாத வைத்தியம் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

1. ஆணி, தகடு, கயிறு எல்லாவற்றையும் கழற்றவும். ஒரு காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக ஓட்டினால் உள்ளே முறிந்து கிடக்கும் இரும்பாணி தெரிந்துவிடும். செம்பாணிக்குக் காந்தம் பேசாது. அதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

2. நல்ல தண்ணீரில் முக்கி வைத்து, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றவும். தொட்டி இல்லையென்றால் செங்கல் மேல் சாய்த்து வைத்து ஆனி, ஆடி மழையில் நனைய விடலாம். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை. அது இலவசமாகக் கழுவிக் கொடுக்கும்.

3. அப்புறம் நிழலில், காற்று படும் இடத்தில், நடுவில் சின்னக் கட்டைகள் வைத்து அடுக்கிக் காய விடவும். வெயிலில் போட்டால் வெடிக்கும். தடிமனான பலகைக்கு மாதக்கணக்காகும்.

4. காய்ந்தபின் வெள்ளைப் பொடி பூக்கிறதா என்று பார்க்கவும். பூத்தால் மறுபடி தண்ணீர்.

இன்னொன்று. வள்ளங்களுக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயும் பூசுவது பழைய வழக்கம். இரண்டும் மரத்தைக் காக்கும். ஆனால் எண்ணெய் ஊறிய மரத்தில் பெயிண்ட் பிடிக்காது. மீன் எண்ணெய் வாடையும் லேசில் போகாது. முந்திரி எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும் என்பது மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆலையில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்த பெண்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். அது பூசிக் கருத்துப்போன பலகையை உட்காரும் சாமானாக மாற்ற வேண்டாம். சுவரில், கை படாத உயரத்தில் இருக்கட்டும்.

மாவு கொட்டும் மரம்

மரத்தைத் தின்னும் பூச்சியில் நமக்கு முக்கியமானவை இரண்டு. கறையான், நம் பக்கத்துப் பேச்சில் சிதல், மண்ணோடு தொடர்பு வைத்துக்கொண்டு மண் குழாய் கட்டி ஏறும். அந்தத் தொடர்பையும் ஈரத்தையும் அறுத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். மரத்தை உளுக்க வைக்கும் சின்ன வண்டு அப்படியில்லை. அது காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும். வண்டு வெளியே வந்த துளை குண்டூசித் தலை அளவுதான். அதற்குக் கீழே கோதுமை மாவு போல மெல்லிய பொடி கிடக்கும்.

வண்டு தேடுவது மாவுச்சத்தை. மரத்தின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள கெட்டிப் பகுதியில், அது இல்லை. சுற்றியுள்ள வெளிர்ப் பகுதியான வெள்ளையில் இருக்கிறது. தேக்கு, பலா, அயனி ஆகியவற்றின் வைரம் நூறு வருடம் தாங்குவதும், அதே கழுக்கோலின் ஓரத்து வெள்ளை மட்டும் தூளாகிப் போவதும் இதனால்தான். பழைய கழுக்கோலை வாங்கும்போது அந்த உளுத்த ஓரத்தைச் செதுக்கி எறிந்துவிட்டால் உள்ளே கிடைப்பது பொன். பனைமரக் கழியான பனங்கையில் வெளிப்புறம்தான் கறுத்த வைரம், நடுவில் மென்மையான சோறு. அங்கே உள்ளிருந்து செதுக்க வேண்டும்.

ரப்பர் மரத்துக்குத்தான் அதிக எச்சரிக்கை தேவை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. புயல் இல்லாத காலத்திலும் பால் வற்றிய மரங்களை வெட்டுவது இங்கே வழக்கம். மரம் சுலபமாகக் கிடைக்கிறது, நிறம் வெளிர், இழைக்க எளிது. ஆனால் ரப்பர் மரம் முழுவதிலுமே மாவுச்சத்து உண்டு. வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை ஏறும், அப்புறம் வண்டு வரும். ஆலைகளில் அதை அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றி உலர வைப்பார்கள். அப்படிச் செய்யாத ரப்பர் கட்டையில் செய்த ஸ்டூல்தான் ஆறு மாதத்தில் மாவு கொட்டுவது.

சந்தேகமான சாமானை நேராக வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். திண்ணையில் கறுப்புத் தாள் விரித்து, மேலே இரண்டு வாரம் நிற்க விடுங்கள். தாளில் புது மாவு விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. பெயிண்ட் இல்லாத மரமானால் போராக்ஸ் கரைசல் தடவலாம். அது தண்ணீரில் கரைந்து போகும் மருந்து, ஆகவே மழை படாத சாமானுக்கு மட்டும். சோறு வைக்கும் பலகைக்கும் தொட்டிலுக்கும் அது வேண்டாம்.

பெயிண்டில் இருக்கும் ஈயம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

பழைய கதவு ஒன்றின் மூலையில், பெயிண்ட் பெயர்ந்த இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். மேலே காப்பிப் பொடி நிறம். அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே வெளிர் மஞ்சள், கடைசியில் மரத்தோடு ஒட்டிய வெள்ளை. வீட்டில் கல்யாணம் வந்தபோதெல்லாம் ஒரு பூச்சு ஏறியிருக்கிறது. பெயர்ந்த விளிம்பு முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். நகத்தால் நெம்பினால் வில்லையாக வரும். அழகாகத்தான் இருக்கிறது, இந்தத் தோற்றத்துக்காகவே வாங்குகிறார்கள். ஆனால் அந்த அடுக்குகளில் ஈயம் இருக்க அதிக வாய்ப்பு உண்டு. மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களுக்கு ஈயச் சேர்மங்கள் நிறமியாகச் சேர்ந்தன. சீக்கிரம் உலரவும் ஈயம் சேர்த்தார்கள். இரும்புக் கம்பிக்கு அடிப்பூச்சாகச் செவ்வீயம் பூசினார்கள்.

இந்தியாவில் வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-ல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வரம்பு 90 பிபிஎம், அதாவது ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம். அதற்கு முந்தைய எந்தப் பூச்சையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஈயம் பூச்சாக ஒட்டியிருக்கும்வரை பெரிதாகத் தொல்லை இல்லை. தூசாகும்போதுதான் ஆபத்து. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. சின்னக் குழந்தைகள் தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைப்பார்கள். உள்ளே போவதில் பெரியவர்களைவிட அதிகப் பங்கு அவர்கள் உடம்பில் ஏறும். வளரும் மூளையைத்தான் அது தாக்குகிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை.

அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்.

1. தேய்க்காமல் முடியுமா என்று முதலில் யோசியுங்கள். சுவரில் உயரத்தில் மாட்டும் பலகையானால், பெயர்ந்த வில்லைகளை ஈரத் துணியால் எடுத்துவிட்டு, நிறமில்லாத பூச்சு இரண்டு கை அடித்து மூடிவிடலாம். பழைய நிறமும் மிஞ்சும், தூசும் எழாது. பெரும்பாலான சாமான்களுக்கு இதுவே போதும்.

2. உரித்தே ஆக வேண்டுமென்றால் ஈரமாக உரியுங்கள். பெயிண்ட் நீக்கும் பசையோ, தண்ணீர் தெளித்துக்கொண்டே சுரண்டுவதோ சரி. வறண்ட உப்புத்தாள் கூடாது. மிஷின் வைத்துத் தேய்ப்பது நிச்சயமாகக் கூடாது. தீ காட்டி உரிப்பதில் ஈயம் புகையாகவே மூக்கில் ஏறும்.

3. வேலை வீட்டுக்கு வெளியே நடக்கட்டும். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, என்-95 வகை முகக்கவசம் போட்டு, குழந்தைகளைத் தள்ளி வைத்துச் செய்யவும். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசு மறுபடி பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

4. சுரண்டிய பெயிண்டையும் பெயிண்ட் பூசிய துண்டு மரத்தையும் அடுப்பில் வைக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீடு இடித்தால் மிச்ச மரம் வெந்நீர் அடுப்புக்குப் போவதுதான் நம் வழக்கம். புகையில் ஒரு பங்கு, சாம்பலில் ஒரு பங்கு என்று ஈயம் வீட்டிலேயே தங்கிவிடும். அந்தச் சாம்பலைத்தான் அப்புறம் கீரைப் பாத்திக்குப் போடுகிறோம்.

வலையின் அடிக்கயிறு, பாட்டியின் ஈயச் சொம்பு

பழைய மீன்வலை இப்போது சுவரிலும் விளக்கைச் சுற்றியும் தொங்குகிறது. வலை எடுத்து வருவது நல்ல காரியம்தான்; நைலான் வலை கடலில் விடப்பட்டால் பல வருடம் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். நல்ல தண்ணீரில் ஊற வைத்து, சோப்புப் போட்டு அலசி, கண்ணிகளில் காய்ந்து ஒட்டிய பாசியையும் சிப்பியையும் தட்டி எடுத்தால் வாடை போய்விடும். வெயிலில் நைந்து, கையில் தேய்த்தால் பொடி உதிரும் வலையானால் அதை விட்டுவிடவும்.

பார்க்க வேண்டியது அடிக்கயிற்றை. வலையைத் தண்ணீரில் இறக்குவதற்கு வரிசையாகக் கோத்த சாம்பல் நிறக் குண்டுகள் சுத்த ஈயம். விரலால் தேய்த்தால் விரல் கறுக்கும், நகத்தால் கீறினால் பளபளக்கும். குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் அப்படியே தொங்க விடுகிறார்கள். அடிக்கயிறு முழுவதையும் வெட்டி எடுத்துவிடுங்கள். மீனவர்கள் அதை வீணாக்க மாட்டார்கள், கேட்டால் வாங்கிக்கொள்வார்கள்.

இங்கே தமிழில் ஒரு குழப்பம் இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, இவற்றில் வரும் ஈயம் வெள்ளீயம். அது வேறு உலோகம். வலைக் குண்டிலும் பெயிண்டிலும் இருப்பது காரீயம். பாட்டி ஈயச் சொம்பில்தானே சமைத்தாள், அதனால் என்ன என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். ஆனால் எங்கோ வாங்கிய பழைய சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டதை அலமாரியில் அழகுக்கு வையுங்கள், அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

வெளியிலேயே நிற்க வேண்டியவை

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எதற்கும் எடுக்க வேண்டாம். அறுக்கும்போதும் துளை போடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும். செடி வளர்க்கும் தொட்டியாகக்கூட அது வேண்டாம்.

ஃபைபர் படகின் துண்டு கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்தது. அறுத்தால் தூசு நுரையீரலையும் தோலையும் அரிக்கும். முழுப் படகையே முற்றத்தில் பூந்தொட்டி ஆக்குவது நல்ல யோசனை. அறுத்து வீட்டுக்குள் கொண்டுவருவது அப்படியல்ல. கல் சிற்ப வேலை நடக்கும் மயிலாடியில் கிடைக்கும் சில்லுகளையும் அறுப்பதில்தான் ஆபத்து. சில்லாகப் பதிக்கலாம், அறுப்பதானால் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும்.

சரக்கு இறக்கும் பேலட் கட்டைகளில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏற்றியது என்று பொருள், தாராளமாக எடுக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, விட்டுவிடவும். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் அதுவும் வேண்டாம். பூச்சிமருந்து டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

பயமில்லாமல் எடுக்கக் கூடியவை

சிரட்டை, தென்னம்பாளையின் உறையான கொதும்பு, தென்னை மட்டையடியின் வலைபோன்ற சில்லாட்டை, பாக்கு மரத்தின் கமுகம்பாளை, கயிறு, பழைய சேலை, கண்ணாடி பாட்டில். இவற்றுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. சிரட்டைக்குள் விளக்கு வைப்பதானால் எல்.இ.டி. மட்டும், சிரட்டை நன்றாக எரியும் பொருள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

மங்களூர் ஓடும் நல்ல பொருள். சுட்ட மண், விஷம் எதுவும் இல்லை. பாசல் மிஷன் மங்களூரில் 1865-ல் ஓட்டு ஆலை தொடங்கியது. அந்த மாதிரி ஓடு மேற்குக் கரை முழுவதும் பரவி, குமரி வரை கூரை ஏறியது. புரட்டிப் பார்த்தால் ஆலையின் பெயர் புடைப்பாகத் தெரியும். அந்தப் பக்கத்தை வெளியே காட்டி மாட்டுவது நல்ல ரசனை. ஆனால் எடையைக் கணக்கிடுங்கள். ஒரு ஓடு சுமார் 2 கிலோ அல்லது அதற்கு மேல். சுவரில் இருபது ஓடு என்றால் 40 கிலோவுக்குக் குறையாது, நனைந்தால் இன்னும் கூடும். பசை போட்டு ஒட்டுவது வேண்டாம். இரும்புச் சட்டம் அடித்து, அதில் தாங்கி நிற்க வையுங்கள். கட்டிலுக்கு மேல் சுவரில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

கடற்கரையில் கிடப்பதும், பரணில் கிடப்பதும்

கரை ஒதுங்கியது யாருக்கும் சொந்தமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1. பவளப் பாறைத் துண்டு, கடல் விசிறி, உலர்ந்த கடல் குதிரை ஆகியவை 2001 முதல் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். சில அரிய சிப்பிகளும் சங்குகளும் அதே பட்டியலில் சேர்ந்தன. பெரிய கவச சங்கு, ராட்சதச் சிப்பியின் சில வகைகள், நாட்டிலஸ் அவற்றில் அடங்கும். கடையில் கேட்காமல் வாங்கிவிட்டு அப்புறம் வருந்துவதைவிட, பெயர் தெரியாத சிப்பியை விட்டுவிடுவது மேல்.

2. கன்னியாகுமரியின் நிற மணலைப் பாட்டிலில் அடுக்கி வைப்பது பழைய ஆசை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கானோடு மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தாது. அந்தக் கரையின் கறுத்த மணலை அள்ளி வர வேண்டாம்.

3. 100 வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், செதுக்கு வேலை, உலோக வார்ப்பு போன்றவை 1972-ம் ஆண்டின் இன்னொரு சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பழைய குடும்ப வீடான தறவாட்டு வீட்டின் செதுக்குத் தூணை வளைகுடாவிலிருக்கும் மகனுக்குக் கப்பலில் அனுப்ப நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4. கையெழுத்துச் சுவடி தொல்பொருளாக 75 வருடம் போதும்.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குமரியில் வர்ம ஆசான்களும் சித்த வைத்தியர்களும் இருந்த வீடு இடிபடும்போது, பரணிலிருந்தோ பத்தாயத்தின் அடியிலிருந்தோ ஓலைக் கட்டு வெளிவருவது உண்டு. இரு பக்கமும் மரச் சட்டம், நடுவே துளையில் ஒரு நூல், தூசு படிந்த ஓலை. அலங்காரக் கடைகளில் இந்த ஓலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி விற்கிறார்கள். ஓலையைப் பிரித்துவிட்டால் வரிசை போய்விடும். வரிசை போனால், ஒரு நோய்க்கான மருந்தின் முதல் பாதி ஒரு வீட்டுச் சுவரிலும் மறு பாதி வேறு ஊரிலும் தொங்கும். எந்தப் பாதியையும் யாரும் படிக்க முடியாது.

அப்படிக் கட்டு கிடைத்தால் நூலை அவிழ்க்க வேண்டாம். எண்ணெய் தடவ வேண்டாம், தண்ணீரில் துடைக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம். மேல் தூசை உலர்ந்த மென்மையான தூரிகையால் மட்டும் தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். சுவடியைப் படித்துப் பாதுகாப்பவர்கள் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் அதைவிடப் பக்கம் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகம். காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.